சர்க்கரையைக் கரைக்காத இன்சுலின்

மதுரை பனகல் சாலைப் பக்கம் மருந்துக் கடையில் நிற்கிறவனுக்குத் தினமும் தவறாமல் காதில் விழுகிற கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஊசி ரத்தத்துல இருக்க சர்க்கரையக் கரைச்சிரும்ல தம்பி?" பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து கிளினிக்குக்கோ உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வந்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மதியம் நம் கடைக்கு வந்து சேரும் ஒரு அப்பத்தா கேட்கும்போது, கூட்டமாக இருந்தால் "ஆமாத்தா" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். வேறு என்ன செய்ய. ஆனால் இன்சுலின் சர்க்கரையைக் கரைப்பதில்லை, எரிப்பதில்லை, தொடுவதுகூட இல்லை. செல்லின் வெளிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதத்தின்மேல் போய் உட்காருகிறது. அதன் வேலை அத்தோடு முடிந்தது. அந்தப் புரதத்துக்குப் பெயர் ரிசெப்டர், பள்ளிப் புத்தகத்தில் ஏற்பி. மிச்ச வேலை எல்லாம் ரிசெப்டரும் அதற்குப் பின்னால் செல்லுக்குள் இருக்கிறவையும் பார்த்துக்கொள்கின்றன. ஹார்மோனுக்குச் சொந்தமாக ஒரு வேலையும் தெரியாது என்பது ஒருமுறை மனதில் பட்டுவிட்டால், என் கடை ரேக்கில் பாதி மருந்து ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று விளங்கிவிடும். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஏன் வெளியிலேயே நிற்கிறது? செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு. இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன புரதம், தண்ணீரில் இருக்கப் பிரியப்படுவது, அந்தக் கொழுப்பைத் தாண்ட அதனால் ஆகாது. அட்ரினலின் உருவத்தில் மிகச் சிறியது, ஆனாலும் அதுவும் தண்ணீர் ஆள்தான். பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டுகளும் தைராக்ஸினும் வேறு ரகம், அவை செல்லுக்குள் புகுந்து மரபணு மட்டத்தில் வேலை செய்கிறவை, அதனால்தான் தைராய்டு மாத்திரை ஆரம்பித்தவர் மறுநாளே வந்து "ஒண்ணும் தெரியலையே" என்றால் சிரிப்பு வரும். வாசலில் நின்று தட்டுகிற ஹார்மோன்களோ நொடிகளில், நிமிடங்களில் வேலையைக் காட்டிவிடும். (உட்கார்ந்த இன்சுலினை ரிசெப்டரோடு சேர்த்து செல் பிறகு உள்ளே இழுத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் இன்சுலினைச் சிதைத்து முடிக்கத்தான்.)

எனக்கு இதில் எப்போதும் ஆச்சரியம் தருவது, ரிசெப்டர் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான். வெறும் வயிற்றில் ரத்தத்தில் இருக்கிற இன்சுலினை எண்ணிப் பார்த்தால், அதே ரத்தத்தில் ஓடும் அல்புமின் புரதம் ஏறக்குறைய ஒரு கோடிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இன்சுலின் வரும். அவ்வளவு நெரிசலில் தன் ஆளை மட்டும் பிடிக்க வேண்டும். பிடிக்கிறது. காரணம் வடிவம். ரிசெப்டரின் வெளிப்பகுதியில் இன்சுலினின் மேடு பள்ளத்துக்கும் மின்னூட்டத்துக்கும் சரியாகப் பொருந்துகிற இடங்கள் இருக்கின்றன. பசை போட்டு ஒட்டுவது இல்லை இது. ஹைட்ரஜன் பிணைப்பு, எதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு, தண்ணீரை ஒதுக்கும் பகுதிகள் ஒன்றை ஒன்று நெருங்குவது என்று எல்லாமே பலவீனமான சக்திகள், பல சேர்ந்து பலமாகின்றன. அதனால் உட்காரும், கழன்று போகும், இன்னொன்று வந்து உட்காரும். ரத்தத்தில் அளவு கூடினால் எந்த நேரத்திலும் நிரம்பியிருக்கும் ரிசெப்டர்களின் எண்ணிக்கை கூடும், குறைந்தால் குறையும், செல் அளவை அறிந்துகொள்வது இப்படித்தான். ஒரு கல்லீரல் செல்லின்மேல் லட்சத்துக்கும் அதிகமான இன்சுலின் ரிசெப்டர்கள் உண்டு. எல்லாம் நிரம்ப வேண்டும் என்ற அவசியமும் இல்லை, கொழுப்புச் செல்லில் அவற்றில் சில சதவீதம் நிரம்பினாலே முழு வேலையும் நடந்துவிடுவதாக 1970களிலேயே கண்டிருக்கிறார்கள்.

வடிவம்தான் எல்லாம் என்பதால் ஒரு கடைக்காரன் புலம்பல்: இன்சுலினைத் தயவுசெய்து ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்தால் புரதம் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டுவிடும், பிறகு உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் ரிசெப்டருக்கு அதை நம்பிப் பயன்படுத்த முடியாது. திறக்காத பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு. சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தொடுகிற ஊரில் ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு என்றால், பாட்டிலை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி மண்பானைத் தண்ணீரில் வைக்கலாம், பைக் டேங்க் கவருக்குள் மட்டும் வேண்டாம்.

பாடத்தில் பூட்டும் சாவியும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆரம்பத்துக்கு அது சரி. ஆனால் பூட்டு ஆடாமல் அசையாமல் சாவிக்காகக் காத்திருக்கும், ரிசெப்டர் அப்படிக் கிடையாது. அது சதா நெளிந்துகொண்டே இருக்கும் புரதம். சில வகைகள் ஹார்மோன் இல்லாமலே அவ்வப்போது வேலை செய்கிற நிலைக்குப் போய்த் திரும்பும். ஹார்மோன் வந்து உட்காரும்போது நடப்பது, அந்த நெளிவுகளில் ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்துவது. அப்படி நிறுத்தப்பட்ட உருவம் சவ்வுக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி தெரிகிறது, உள்ளே இருக்கிறவை அதைப் பார்த்து வேலையைத் தொடங்குகின்றன. சவ்வைத் தாண்டிப் போவது பொருள் அல்ல, உருவ மாற்றம் மட்டும்தான்.

இன்சுலின் ரிசெப்டரில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அது இரண்டு சம பாதிகள் சேர்ந்த ஒன்று. வெளியே இரண்டு பகுதி, சவ்வைத் துளைத்து உள்ளே தொங்கும் இரண்டு பகுதி. இன்சுலின் இல்லாதபோது தலைகீழாக வைத்த 'வி' எழுத்து மாதிரி கால் அகட்டி நிற்கும். இன்சுலின் உட்கார்ந்ததும் மேலே கை விரித்து, கீழே கால்கள் ஒட்ட, 'டி' எழுத்து மாதிரி ஆகிவிடும். உள்ளே தொங்கும் கால்கள் இரண்டும் உண்மையில் என்சைம்கள், டைரோசின் கைனேஸ் என்பார்கள், 1982இல் தெரிய வந்தது. தூரத்தில் இருந்தவரை சும்மா இருந்தவை, பக்கத்தில் வந்ததும் ஒன்றின்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஒட்டி ஒன்றை ஒன்று முடுக்கிவிடுகின்றன. அந்தப் பாஸ்பேட் அடையாளத்தைப் பார்த்து அடுத்த புரதம் வரும், அது அடுத்ததைக் கூப்பிடும், இப்படிப் போய்ப் போய்க் கடைசியில் தசைச் செல்லுக்குள் சின்னப் பைகளில் பதுங்கிக் கிடந்த குளூட்-4 என்ற வழிகள் மேலே வந்து சவ்வில் பொருந்தும். சர்க்கரை அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. அப்பத்தாவுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டிய பதில் இது, ஆனால் மேலூர் பஸ் போய்விடும்.

இரண்டாம் வகை சர்க்கரை நோயில் ரிசெப்டர் உடைந்து போயிருப்பது அரிது. இன்சுலின் இருக்கும், ரிசெப்டரும் இருக்கும், அதற்குப் பிந்திய சங்கிலி மந்தமாகிவிடும். போதாததற்கு ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் அதிகமாகவே இருந்தால் செல் தன் ரிசெப்டர்களின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளும். "டோஸ் கூட்டியும் இறங்கலையே" என்று கோபப்படுகிறவர்களுக்கு மருந்து டூப்ளிகேட்டோ என்ற சந்தேகம் வரும். நம்மையும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். சில நேரம் ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் தடித்துப் போயிருக்கும், அது வேறு கதை.

அடுத்து அட்ரினலின். இதற்கு எங்கள் ஊரில் உதாரணம் தேட வேண்டாம், தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். வாடிவாசலில் காளை தலையை நீட்டுகிற அந்த நொடியில் முன்னால் நிற்கிறவன் உடம்பில் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து கொட்டுகிற சரக்கு ஒன்றுதான். அது போய்ச் சேரும் இடங்களில் நடப்பதைப் பாருங்கள்: இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சுக் குழாய் விரிகிறது, கல்லீரல் சேமித்து வைத்த கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக வெளியே விடுகிறது, தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தசைக்குப் போகும் குழாய்கள் விரிகின்றன. ஒரே மூலக்கூறு ஒரு குழாயைச் சுருக்கி இன்னொரு குழாயை எப்படி விரிக்கும்? அதில் எழுதி வைத்திருந்தால் ஒன்றைத்தானே செய்ய முடியும்.

1948இல் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் என்ற அமெரிக்கர் இதற்கு விடை சொன்னார். அட்ரினலினுக்கு ஒரு ரிசெப்டர் இல்லை, ஆல்ஃபா, பீட்டா என்று குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், எந்தக் குழாயில் எது இருக்கிறதோ அதன்படிதான் நடக்கும் என்றார். ரிசெப்டரைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லாத காலம். லாங்லி என்ற பிரிட்டன் ஆராய்ச்சியாளர் 1905லேயே 'ஏற்கும் பொருள்' ஒன்று தசையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்தான், ஆனாலும் அது பலருக்கும் வெறும் கற்பனை. ஆல்க்விஸ்டின் பேச்சையும் பத்து வருடத்துக்கு மேல் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டவர் ஜேம்ஸ் பிளாக், பிரிட்டன்காரர். இதயத்தில் இருப்பது பீட்டா என்றால், அதில் சும்மா உட்கார்ந்து இடத்தை அடைக்கிற, ஆனால் முடுக்கிவிடாத ஒன்றைச் செய்தால் நெஞ்சுவலிக்காரருக்கு நல்லதாயிற்றே என்று யோசித்து 1960களில் பிராப்ரனலால் செய்தார். 1988இல் நோபல். உட்காருவது வேறு, முடுக்குவது வேறு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி என் ரேக்கில் இல்லை. நீங்கள் காலையில் குடிக்கிற காபியும் அதே வித்தைதான், தூக்கம் வரவைக்கும் அடினோசினின் ரிசெப்டரில் கஃபீன் போய் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்.

பிராப்ரனலால் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கை நடுக்கத்துக்கு, மேடைப் பதற்றத்துக்கு என்று சீட்டில்லாமல் கேட்டு வருவார்கள். அது இதயத்து பீட்டா-1ஐ மட்டும் அடைப்பதில்லை, மூச்சுக் குழாயின் பீட்டா-2ஐயும் அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர் போட்டால் மூச்சு முட்டும். ஆஸ்துமாக்காரர் இழுக்கிற சால்பியூட்டமால் இன்ஹேலர் அதே பீட்டா-2ஐத்தான் முடுக்கிவிடுகிறது, ஒருவருக்கு உயிர் காப்பதும் ஒருவருக்கு உயிர் எடுப்பதும் ஒரே ரிசெப்டர். "பக்கத்து வீட்டு அண்ணன் போடுறாரு, நல்லா இருக்கு" என்பதெல்லாம் ஒரு சீட்டா?

சரி, பீட்டா ரிசெப்டரில் அட்ரினலின் உட்கார்ந்தது, உள்ளே என்ன நடக்கிறது? இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எர்ல் சதர்லாண்ட் 1950களில் கல்லீரலை அரைத்துக் கூழாக்கி அதில் அட்ரினலினை விட்டார், கிளைக்கோஜனை உடைக்கும் என்சைம் முடுக்கப்பட்டது. கூழைச் சுழலவிட்டு, அடியில் படிந்த சவ்வுத் துண்டுகளைக் கழித்துவிட்டு மேல் தெளிவில் விட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கழித்த சக்கையைத் திரும்பச் சேர்த்ததும் மறுபடி வேலை செய்தது. பிறகு அந்தச் சக்கையை மட்டும் தனியே எடுத்து அதில் அட்ரினலினை விட்டு, அதிலிருந்து வெளிவந்ததைக் கொதிக்க வைத்துத் தெளிவில் ஊற்றினார். வேலை செய்தது! கொதித்தும் கெடாத சின்னஞ்சிறு பொருள் ஒன்றை சவ்வு தயாரிக்கிறது, அட்ரினலின் உள்ளே வரவே தேவையில்லை. அந்தப் பொருள்தான் சைக்ளிக் ஏஎம்பி. ஹார்மோன் முதல் தூதன், இது இரண்டாம் தூதன். 1971இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அரைத்த கல்லீரலும் சுழற்றும் இயந்திரமும் வெந்நீரும் வைத்துக்கொண்டு இதைப் பிடித்திருக்கிறார் என்றால் கையெடுத்துக் கும்பிட வேண்டாமா.

நடுவில் இன்னொரு ஆள் இருக்கிறது என்று காட்டியவர் மார்ட்டின் ராட்பெல். கல்லீரல் சவ்வில் குளூக்கோகான் ஹார்மோன் ஒட்டுவதை அளந்துகொண்டிருந்தபோது, செல்லின் எரிபொருளான ஏடிபி (ATP) சேர்த்தால் ஹார்மோன் கழன்று வருவதைப் பார்த்தார். கடைசியில் காரணம் ஏடிபி இல்லை, அதில் அழுக்காகக் கலந்திருந்த, அதன் சொந்தக்காரப் பொருளான ஜிடிபி (GTP). அந்த ஜிடிபியைப் பிடிக்கிற புரதத்தைப் பிரித்தெடுத்தவர் ஆல்ஃபிரட் கில்மன், இருவருக்கும் 1994 நோபல். அந்தப் புரதத்துக்குப் பெயர் ஜி புரதம், சவ்வின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், மூன்று துண்டு சேர்ந்தது. அட்ரினலின் உட்கார்ந்ததும், சவ்வை ஏழு முறை குறுக்கே தைத்தாற்போல் இருக்கும் பீட்டா ரிசெப்டரின் ஆறாவது சுருள் உள்பக்கத்தில் சுமார் 1.4 நானோமீட்டர் வெளியே விலகும், 2011இல் பிரையன் கோபில்காவின் குழு ஜி புரதத்தோடு சேர்த்துப் படிகமாக்கிக் காட்டியது. அந்த இடைவெளியில் ஜி புரதம் வந்து பொருந்தும், பிடித்திருந்த பழைய ஜிடிபியின் மிச்சத்தை விடும், புது ஜிடிபியைப் பிடிக்கும், ஆல்ஃபா துண்டு கழன்று போய் சைக்ளிக் ஏஎம்பி செய்யும் என்சைமை முடுக்கும். ஒவ்வொரு படியிலும் ஒன்று பலவாகப் பெருகும், அதனால்தான் ரத்தத்தில் அவ்வளவு குறைவான ஹார்மோன் போதுகிறது. சிறிது நேரத்தில் அந்த ஆல்ஃபா துண்டே தன் ஜிடிபியை வெட்டித் தன்னை அணைத்துக்கொள்ளும்.

அணைக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு காலராவைப் பார்க்கலாம். காலரா கிருமி வெளிவிடும் நச்சு குடல் செல்லின் ஜி புரதத்தில் ஒரு துண்டை ஒட்டி, ஜிடிபியை வெட்ட முடியாமல் செய்துவிடும். ஹார்மோன் எதுவும் வராமலே சைக்ளிக் ஏஎம்பி ஏறிக்கொண்டே போகும், குளோரைடு குடலுக்குள் கொட்டும், பின்னாலேயே தண்ணீரும். நோய் கிருமியால் இல்லை, அது விடுகிற நச்சால் என்று 1959இல் காட்டியவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. அவருக்கு நோபல் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அணைப்பதற்கு ரிசெப்டர் மட்டத்திலும் ஏற்பாடு உண்டு. பீட்டா ரிசெப்டர் விடாமல் முடுக்கப்பட்டால் செல் அதன் வாலில் பாஸ்பேட் ஒட்டும், அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஜி புரதத்தை நெருங்கவிடாமல் மறைக்கும், பிறகு ரிசெப்டரையே உள்ளே இழுத்துக்கொள்ளும். ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் இதையெல்லாம் பல வருடம் தோண்டியவர், கோபில்காவோடு 2012 நோபலைப் பகிர்ந்தார். நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலரை நாள் முழுக்க இழுத்துவிட்டு "முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குது அண்ணே" என்று வருகிறவர்கள் இந்த வகையிலும் சேரலாம், அவர்களின் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்பது அதைவிடப் பெரிய விஷயம், உடனே டாக்டரிடம் போக வேண்டும். இதற்கு நேர் எதிர், பிராப்ரனலால் மாதிரி பீட்டாவை அடைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டவர் ஒரு நாள் தானாக நிறுத்துவது. அடைபட்டிருந்த காலத்தில் செல் ரிசெப்டர்களைக் கூட்டி வைத்திருக்கும், திடீரென்று எல்லாம் திறந்துகொண்டால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், நெஞ்சுவலியே வரலாம். மாத்திரை தீர்ந்து ஊருக்குப் போயிருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போன் செய்கிறவர்களிடம் அந்த ஊர்க் கடையிலேயே வாங்கச் சொல்லிவிடுவேன், வியாபாரம் போனால் போகட்டும்.

ரிசெப்டரை ஏமாற்ற முடியுமா என்றால், நம் உடம்பே செய்யும். எங்கள் சித்திக்குத் தைராய்டு அதிகமாகச் சுரந்தது, உடம்பு இளைத்து, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, ஆறு மாதத்துக்குப் பதற்றம் என்றே நினைத்தோம். ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் கிட்டத்தட்ட பூஜ்யம். "டிஎஸ்எச்தானே தைராய்டைத் தூண்டுறது, அது இல்லாம எப்படிப்பா கூடுது?" என்று சித்தப்பா கேட்டது மிகச் சரியான கேள்வி. கிரேவ்ஸ் நோயில் உடம்பு தயாரிக்கிற ஒரு ஆன்டிபாடி டிஎஸ்எச்சின் ரிசெப்டரில் போய் உட்காருகிறது, உட்காருவதோடு நிற்காமல் முடுக்கியும் விடுகிறது. ரத்தத்தில் தைராக்ஸின் கூடிவிட்டது என்று, டிஎஸ்எச்சைச் சுரக்கிற பிட்யூட்டரி (மூளையின் அடியில் இருக்கும் சுரப்பி) அதை நிறுத்தும், ஆனால் ஆன்டிபாடி பிட்யூட்டரியின் பேச்சைக் கேட்காது. 1956இல் நியூசிலாந்தில் ஆடம்ஸும் பர்வெஸும் நோயாளிகளின் ரத்தத்தில் இப்படி நீண்ட நேரம் தைராய்டைத் தூண்டும் ஏதோ ஒன்று இருப்பதைப் பார்த்தார்கள். தைராய்டு செல்லைப் பொறுத்தவரை வந்தது டிஎஸ்எச்சா வேறு எதுவுமா என்ற கவலையே இல்லை, ரிசெப்டரின் உருவம் மாறினால் போதும்.

இப்போது கடையில் புதுக் கூட்டம் ஒன்று, வாரம் ஒரு ஊசி கேட்டு வருகிறது. அதுவும் இதே குடும்பம். சாப்பிட்டதும் குடல் விடுகிற ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஓரிரு நிமிடம்தான் தாங்கும், அதன் ரிசெப்டர் கணையத்தில் இருக்கிறது, ஏழு முறை தைத்த அதே வகை. அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா மான்ஸ்டர் என்ற பல்லியின் விஷத்தில் அதே ரிசெப்டரை முடுக்கி, ஆனால் சீக்கிரம் சிதையாத ஒன்றை ஜான் எங் கண்டார், அதன் செயற்கை வடிவம் 2005இல் மருந்தாக வந்தது. பிறகு வந்த செமாகுளூடைடில் ஒரு கொழுப்புச் சங்கிலியைக் கட்டி அல்புமினோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள், அதனால் ஒரு வாரம் நிற்கிறது. கணையத்தில் மட்டும் இந்த ரிசெப்டர் இருந்தால் சர்க்கரை மருந்தோடு போயிருக்கும். மூளையிலும் இருக்கிறது, அதனால்தான் பசி குறைகிறது, குமட்டலும் வருகிறது. "குமட்டல் வராம, பசி மட்டும் குறையுற மாதிரி ஒண்ணு குடுங்கண்ணே, மச்சினிச்சி கல்யாணம் அடுத்த மாசம்" என்று போன வாரம் ஒரு தம்பி வந்தார். சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. ஊசியும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.